கேமரூன் யாழ்ப்பாணம் போனது சரியா, புறக்கணித்திருக்க வேண்டுமா?

மயிலிட்டி மகன்:

ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் வோல்கர் டேர்க் 2025 ஜூனில் யாழ்ப்பாணத்தில் செம்மணி மனிதப் புதைகுழியைப் பார்த்துவிட்டுப் போனதில் இருந்து பழைய வாக்குவாதம் ஒன்று திரும்பக் கிளம்பியிருக்கிறது. வெளியில் இருந்து பெரிய ஆட்கள் வந்து பார்ப்பதால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் கடைசியில் கை நீட்டுவது டேவிட் கேமரூன் பக்கம்தான். அதனால் அதையே நேராகக் கதைத்துவிடுவோம்.

மறந்தவர்களுக்கும் அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கும் சுருக்கமாக: 2013 நவம்பரில் கொழும்பில் காமன்வெல்த் தலைவர்கள் மாநாடு நடந்தது. கனடாப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் வர மறுத்தார். மொரிஷியஸ் பிரதமரும் வரவில்லை. மன்மோகன் சிங் தான் வராமல் வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித்தை அனுப்பினார். பிரித்தானியப் பிரதமராக இருந்த கேமரூன் வந்தார். மாநாடு தொடங்கிய 15ஆம் திகதியே யாழ்ப்பாணம் போனார். 1948க்குப் பிறகு வடக்குக்கு வந்த முதல் வெளிநாட்டு அரசாங்கத் தலைவர் என்று அப்போது எல்லாச் செய்திகளிலும் வந்தது.

மூன்று இடங்கள். 1981இல் எரிக்கப்பட்ட யாழ் பொது நூலகத்தில் வடமாகாண முதலமைச்சர் விக்னேஸ்வரனைச் சந்தித்தார். உதயன் பத்திரிகை அலுவலகத்தில், அதே ஆண்டு ஏப்ரலில் தீ வைக்கப்பட்ட அச்சு இயந்திரத்தையும் சுவரில் குண்டு துளைத்த தடங்களையும் கொல்லப்பட்ட ஊழியர்களின் படங்களையும் பார்த்தார். அப்புறம் சுன்னாகத்தில் சபாபதிப்பிள்ளை முகாம்.

அந்த முகாமைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைப் பற்றிக் கதைப்பதில் அர்த்தம் இல்லை. அங்கே இருந்தவர்கள் 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து எழும்பி வந்த எங்கள் சனம். மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறைப் பக்கம். கடற்கரைச் சனம் கடல் தெரியாத இடத்தில், கிடுகும் தகரமும் போட்ட கொட்டிலில் 23 வருடம். பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தது. அவர்களுடைய காணி ஒன்றும் தொலைதூரத்தில் இல்லை, சைக்கிளில் போய் வரலாம். 2013 ஏப்ரலில் அங்கே 6,381 ஏக்கரை இராணுவத்துக்காக நிரந்தரமாக எடுக்கப் போவதாக அரசு அறிவித்தல் ஒட்டியது. கேமரூனின் விமானம் இறங்கியது பலாலியில். அந்த ஓடுதளத்தைச் சுற்றி இருப்பது முகாமில் அவர் சந்தித்த மக்களின் காணி. அந்த நிலத்தில் இறங்கி, அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் அவர் வந்தார். உலகம் அதைப் பார்த்தது. வராமல் லண்டனில் இருந்து அறிக்கை விட்டிருந்தால் சுன்னாகம் முகாமை யாருக்குத் தெரிந்திருக்கும்? ஹார்ப்பரை மதிக்கிறேன். ஆனால் ஹார்ப்பர் வராமல் விட்டதால் ஒரு கமராவும் எங்கள் கொட்டிலுக்கு வரவில்லை.

போனது சரி என்பதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் எழுதுங்கள்.


காவிரிக்கரை:

அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன்.

நீங்கள் அந்த நாளை யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கிறீர்கள். நான் அந்த மாதத்தைத் தஞ்சாவூரில் இருந்து பார்த்தவன். புலிகளின் தொலைக்காட்சி அறிவிப்பாளர் இசைப்பிரியாவை உயிரோடு பிடித்து இழுத்துச் செல்லும் காட்சியை பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சி வெளியிட்டது அந்த நவம்பர் தொடக்கத்தில்தான். அதற்கு முன்பே, அக்டோபரில், இந்தியா பெயரளவுக்குக்கூட அந்த மாநாட்டில் கலந்துகொள்ளக் கூடாது என்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மார்ச்சில் கல்லூரிப் பிள்ளைகள் வாரக்கணக்கில் தெருவில் இருந்தார்கள். இவ்வளவும் எதற்கு? அந்த மேடை அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்கு. மாநாட்டை நடத்துகிறவர்தான் அடுத்த மாநாடு வரை காமன்வெல்த்தின் தலைவர். 2015 ஜனவரியில் சொந்த நாட்டு மக்கள் தோற்கடிக்கும் வரை அந்தப் பட்டம் அவரிடம் இருந்தது. மாநாடு நடந்தபோது முள்ளிவாய்க்கால் நடந்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை!

கேமரூன் யாழ்ப்பாணத்தில் கழித்தது சில மணி நேரம். கொழும்பில் அதே ராஜபக்சவோடு படமும் எடுத்துக்கொண்டார். எந்தப் படம் நிலைத்தது? நான்கைந்து பெரிய நாடுகள் சேர்ந்து வர மறுத்திருந்தால் மாநாடே நொண்டியிருக்கும். கேமரூன் வந்ததால்தான் மற்றவர்களுக்கும் வர முகம் கிடைத்தது. அரசி எலிசபெத்துக்குப் பதில் வந்த இளவரசர் சார்லஸ் வேறு. பிரித்தானியா முழுசாக விலகியிருந்தால் அது காமன்வெல்த்தாகவே இருந்திருக்காது.


ஈலிங் தமிழச்சி:

லண்டனில் இருந்து எழுதுகிறேன். அந்த நேரத்தில் எங்களில் பலர் கேட்டது புறக்கணிப்பைத்தான், காவிரிக்கரை தம்பி. இதை மயிலிட்டி அண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் நின்று போகாதே என்று கத்தினோம். பிரித்தானிய நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவே, கொழும்பில் மாநாடு நடத்துவதை அரசு முதலிலேயே உறுதியாக எதிர்த்திருக்க வேண்டும் என்று குறை எழுதியது. 2011 மாநாட்டைக் கொழும்புக்குக் கொடுக்க விடாமல் கோர்டன் பிரவுன் அரசு தடுத்தது, அது பெர்த்துக்குப் போனது. 2013ஐ அப்படித் தடுக்கவில்லை.

ஆனால் அந்த அழுத்தம் வீண் போகவில்லை என்று சொல்வேன். நாங்கள் அவ்வளவு சத்தம் போட்டதால்தான் அவரால் சும்மா போய் வர முடியவில்லை. வடக்குக்குப் போயே ஆக வேண்டிய நிலை வந்தது. போய்விட்டு வந்து கொழும்பில் செய்தியாளர் முன்னால் காலக்கெடு வைத்தார்: 2014 மார்ச்சுக்குள் நம்பத்தகுந்த உள்நாட்டு விசாரணை வராவிட்டால் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் சர்வதேச விசாரணை கேட்போம் என்று. சொன்னபடி மார்ச் 27ஆம் திகதி தீர்மானம் வந்தது. ஆதரவு 23, எதிர்ப்பு 12, நடுநிலை 12. அதில்தான் முதல் தடவையாக ஐ.நா. மனித உரிமை அலுவலகமே விசாரிக்க ஆணை கிடைத்தது. 2015 செப்டம்பரில் அந்த அறிக்கை வெளிவந்தது. அந்த அறிக்கையைப் படித்திருக்கிறேன். சும்மா ஒதுக்கிவிடக்கூடிய கடதாசி இல்லை அது.

அந்த நடுநிலை பன்னிரண்டில் இந்தியாவும் ஒன்று. 2012இலும் 2013இலும் ஆதரித்த இந்தியா. கொழும்புக்குப் பிரதமரை அனுப்பாத அதே மன்மோகன் சிங் அரசு, நான்கு மாதத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. புறக்கணித்தவர் ஒதுங்கினார், போனவர் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இதற்குப் பதில் சொல்லுங்கள்.


வெள்ளவத்தை வாசகன்:

கொழும்பில் இருக்கிறேன். போனது சரியா, விட்டது சரியா என்று இருவரும் தலைவரைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் சந்திக்கப்பட்டவர்களைப் பற்றிக் கதைக்கிறேன்.

கேமரூன் நூலகத்தில் இருந்து வெளியே வந்தபோது வாசலில் நின்றது யார்? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெருப்பித்தது, பள்ளிக்கூட உடுப்போடு எடுத்தது, கல்யாணப் படத்தில் இருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுத்தது. பொலிஸார் தள்ள, வாகனத் தொடரணிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். நீங்கள் எல்லாரும் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள்.

கேமரூனின் விமானம் போய்விட்டது. அந்த அம்மாமார் அங்கேயே இருந்தார்கள். அப்படி முன்னால் நின்ற ஒரு தாய் 2014 மார்ச்சில், அதாவது உங்களுடைய தீர்மானம் நிறைவேறுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார். புலிகளை மீள உருவாக்க உதவினார் என்று அரசு சொன்னது. கிட்டத்தட்ட ஒரு வருடம் தடுப்பில். பள்ளிக்கூடம் போகும் வயதில் இருந்த மகள் தாயைப் பிரிந்து வேறு இடத்தில். அதை விசாரிக்கப் போன மனித உரிமைச் செயற்பாட்டாளர் ருக்கி பெர்னாண்டோவும் அருட்தந்தை பிரவீனும் கைதானார்கள். 2013 ஓகஸ்டில் அப்போதைய ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் நவநீதம் பிள்ளை வந்து போனபோதும் இதேதான். தன்னைச் சந்தித்தவர்கள் வீட்டுக்கு ஆட்கள் போய் விசாரிக்கிறார்கள் என்று அவரே கொழும்பில் வைத்து முறையிட்டார்.

லண்டனிலும் தஞ்சாவூரிலும் இருந்து பார்க்க அது செய்தி. அங்கே நின்றவருக்கு அடுத்த நாள் காலையில் கதவு தட்டுகிறார்கள்.


மயிலிட்டி மகன்:

வெள்ளவத்தை, அந்தத் தாயின் கைது எல்லாருக்கும் வலிக்கிற விஷயம். ஆனால் அதற்காகத் தலைவர் வரக்கூடாது என்று முடிவு கட்டினால், பயமுறுத்தியவன் நினைத்தது நடந்துவிடும். யாரும் வராத காலத்தில் கைது நடக்கவில்லையா? 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை முட்கம்பிக்குள் அடைத்தபோது எந்த நாட்டுப் பிரதமர் வந்து நின்றார்? யாரும் பார்க்காத இடத்தில்தான் எங்களுக்கு ஆகக் கூடிய கொடுமை நடந்தது.

கேமரூன் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் சேனல் 4 குழு கிளிநொச்சிக்கு ரயில் ஏறியது. அநுராதபுரத்தில் ஒரு கூட்டம் தண்டவாளத்தை மறித்து, அவர்களைக் கொழும்புக்கே திருப்பியது. பிரதமரோடு வந்த செய்தியாளர்களை அப்படி மறிக்க முடியவில்லை. அந்த ஒரு நாள் பாதை திறந்தது.


காவிரிக்கரை:

ஈலிங் அக்காவின் கேள்விக்குப் பதில். இந்தியா ஒதுங்கியது வெட்கக்கேடு, அதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் மன்மோகன் சிங் செய்தது புறக்கணிப்பே இல்லை. வர முடியவில்லை என்று ராஜபக்சவுக்குக் கடிதம் எழுதிவிட்டு அமைச்சரை அனுப்பினார்கள். ஹார்ப்பர் காரணத்தைச் சொல்லி மறுத்தார். இரண்டையும் ஒன்றாக வைத்து எடை போடாதீர்கள்.

அப்புறம் அந்த 2014 தீர்மானம் கேமரூன் பயணத்தின் பிள்ளை என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. 2012, 2013 இரண்டு ஆண்டும் அமெரிக்கா தீர்மானம் கொண்டுவந்தது. மூன்றாவது அதன் தொடர்ச்சி. கேமரூன் சுன்னாகம் போகாவிட்டாலும் அது ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவைக்கு வந்திருக்கும்.

கேமரூன் என்ற மனிதரின் நேர்மையையும் பேச வேண்டும். அதே காலத்தில் அவருடைய அரசு தமிழ் அகதிகளை விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பியது. திரும்பியவர்கள் சித்திரவதைக்கு ஆளானதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2012இலேயே பதிவு செய்தது. நீதிமன்றம் தலையிட்டுத்தான் சில விமானங்கள் நின்றன. இலங்கைக்கு ஆயுத ஏற்றுமதி அனுமதியும் நிற்கவில்லை. முகாமில் கொட்டிலுக்குள் உட்கார்ந்து கதை கேட்டவரின் உள்துறை, அதே கதையைச் சொன்ன அகதியை நம்ப மறுத்தது.

2023இல் என்ன செய்தார்? சீனக் கம்பெனி கட்டும் கொழும்புத் துறைமுக நகருக்கு முதலீடு தேட அமீரகத்தில் நடந்த கூட்டங்களில் போய்ப் பேசினார். அந்தக் கம்பெனியோடு தனக்குத் தொடர்பு இல்லை, பேச்சாளர்களை அனுப்பும் நிறுவனம் மூலம் போனேன் என்று அவர் தரப்பு விளக்கம் சொன்னது. சரி. அதே ஆண்டு நவம்பரில், யாழ்ப்பாணம் போய்ச் சரியாகப் பத்து ஆண்டு கழித்து, பிரித்தானியாவின் வெளியுறவு அமைச்சராக உட்கார்ந்தார். 2024 ஜூலை வரை இருந்தார். போரின் கடைசிக் கட்டத்தில் இராணுவப் படைப்பிரிவு ஒன்றை நடத்திய சவேந்திர சில்வா மீது தடை போடும் அதிகாரம் அவர் மேசையில் இருந்தது. அமெரிக்கா 2020இலேயே அவருக்குப் பயணத் தடை போட்டாயிற்று. கனடா 2023 ஜனவரியில் ராஜபக்ச சகோதரர்கள் மீதே தடை போட்டது. நேரில் வந்து அம்மாமாரின் படங்களைப் பார்த்த கேமரூன், பதவியில் இருந்த எட்டு மாதத்தில் போடவில்லை. மாநாட்டுக்கு வர மறுத்த கனடாதான் முன்னால் போனது. இதற்கு என்ன சொல்கிறீர்கள், அண்ணே?


சோனகத்தெரு:

இந்த இழையில் இதுவரை வராத ஒன்றை எழுதுகிறேன். நாங்கள் யாழ்ப்பாண முஸ்லிம்கள். 1990 அக்டோபரில் புலிகள் இரண்டு மணி நேரம் கொடுத்து எங்களை யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து எழுபதாயிரம் பேருக்கு மேல். மயிலிட்டி அண்ணர் சனமும் எங்கள் சனமும் ஒரே வருடத்தில் அகதி ஆனது. அவர்கள் சுன்னாகத்தில், நாங்கள் புத்தளத்தில்.

எந்தத் தலைவர் வந்தாலும் நிரலில் இருப்பது நூலகம், பத்திரிகை அலுவலகம், ஒரு முகாம், ஒரு கோயில். போர்ப் பிரதேசம் என்றால் அதில் நாங்களும் உண்டு. எங்கள் உம்மா சாகும் வரை சாவிக்கொத்தை வைத்திருந்தார், வீட்டில் கதவே இல்லை என்று தெரிந்த பிறகும். அரசாங்கத்தின் குற்றத்தைக் குறைத்துக் காட்ட இதை நான் எழுதவில்லை. வருகிறவருக்கு ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால், சிங்களப் பகுதியில் அதை வைத்தே மொத்தக் கதையையும் தள்ளிவிடுகிறார்கள். கேமரூன் தவறாக வழிநடத்தப்பட்டிருக்கிறார் என்று முத்தையா முரளிதரனே அப்போது சொன்னார். அப்படிச் சொல்ல இடம் கொடுக்காமல் இருந்திருக்கலாம்.


மயிலிட்டி மகன்:

சோனகத்தெரு தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு வரியையும் நான் மறுக்கப் போவதில்லை. அது எங்கள் பெயரில் நடந்த அநியாயம். அடுத்த நிரலில் புத்தளமும் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் என் கையெழுத்தும் உண்டு. ஆனால் முரளி சொன்னதை உங்களோடு சேர்ந்து நான் எடுக்க மாட்டேன். முகாமில் இருந்தவர் தன் காணியைக் கேட்டது யாரும் சொல்லிக் கொடுத்துக் கேட்டதில்லை.

காவிரிக்கரை, கேமரூனின் மனசு எனக்குத் தேவையில்லை. அவர் வாக்குக்காக வந்தாரோ, படத்துக்காக வந்தாரோ, என் கேள்வி காணி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் சுவீகரிப்புக்கு எதிராக நீதிமன்றம் போயிருந்த நேரம் அது. உலகப் பத்திரிகைகளில் வலிகாமம் வடக்கு என்ற பெயர் ஏறிய பிறகு, அதைப் பேசாமல் விழுங்குவது அரசுக்குக் கஷ்டம் ஆனது. ஆட்சி மாறிய பின் 2015இல் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்கினார்கள். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது. 27 வருடத்துக்குப் பிறகு அங்கே வள்ளம் இறங்கியது. கேமரூன் விடுவித்தார் என்று நான் எழுதவில்லை. எங்கள் சனம் விடாமல் நின்றதால் கிடைத்தது. அந்த நிற்றலுக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது.


வெள்ளவத்தை வாசகன்:

விடாத காணியும் இன்னும் இருக்கிறது அண்ணை. பலாலியைச் சுற்றி வேலிக்கு வெளியே நின்று தங்கள் வளவைப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அம்மாமாரைப் பற்றி ஒன்று. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்கள் வீதி ஓரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். எந்தத் தலைவரின் வாகனத்துக்காகவும் காத்திருக்கவில்லை. பிள்ளை எங்கே என்ற பதில் கிடைக்காமலே அதில் எத்தனையோ பேர் இறந்துபோனார்கள். கேமரூன் வந்தபோது நின்ற அதே கூட்டத்தில் இருந்தவர்கள். வருகை அவர்களுக்கு உதவியது என்று எழுதும்போது, அவர்களிடமே கேட்டீர்களா?


ஈலிங் தமிழச்சி:

நான் கேட்டிருக்கிறேன். என் ஒன்றுவிட்ட அக்கா அந்தக் கொட்டகையில் இருந்தவர், இப்போது இல்லை. அவருக்கு கேமரூன் மீது கோபமும் இருந்தது. ஆனால் வந்தவர்களை ஏன் வந்தாய் என்று அவர் கேட்டதே இல்லை. பிறகு ஏன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று கேட்டார். படத்தின் பின்பக்கம் பெயர், காணாமல் போன திகதி, கடைசியாகக் கண்ட இடம், மூன்றையும் எழுதி வைத்திருந்தார். வருகிற ஒவ்வொருவருக்கும் கொடுக்க ஒரு பிரதி. யாருக்குக் கொடுத்தோம் என்று கொப்பியில் வேறு குறித்திருந்தார்.

சவேந்திர சில்வா விஷயத்தில் காவிரிக்கரை சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, கேமரூன் செய்யவில்லை. 2025 மார்ச்சில் அடுத்த அரசுதான் செய்தது. சவேந்திர சில்வா, முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட, முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரிய, புலிகளில் இருந்து பிரிந்த கருணா, நான்கு பேர் மீதும் தடை. அதற்கு எத்தனை வருடம் நாங்கள் தொகுதி எம்.பி.மாருக்கு எழுதினோம்! எழுதும்போது முதல் பந்தியில் நாங்கள் போட்டது, உங்கள் பிரதமர் நேரில் போய்ப் பார்த்து வாக்குக் கொடுத்தது என்பதைத்தான். அந்தப் பயணம் நடந்திராவிட்டால் அந்த முதல் பந்தி எங்களிடம் இல்லை.


காவிரிக்கரை:

அந்த முதல் பந்தி வாதத்துக்கு மதிப்பு கொடுக்கிறேன், அக்கா. ஆனாலும் என் நிலை மாறவில்லை. விருந்தாளியாக, விருந்து கொடுப்பவரின் நிரலுக்கு இடையில் போவதை நான் எதிர்க்கிறேன். டேர்க் செம்மணிக்கு வந்தது வேறு வகை. மாநாடு இல்லை, எந்த ஆட்சியாளருக்கும் பட்டம் சூட்டவில்லை. மண்ணுக்கு அடியில் இருந்து எலும்புக்கூடுகள் வந்துகொண்டிருந்த இடத்துக்கு, அதைக் கேட்க வேண்டிய பொறுப்பில் இருப்பவர் வந்தார். அப்படி வருகிறவர்கள் வரட்டும். மாநாட்டுக்கு வந்த கையோடு யாழ்ப்பாணத்தையும் பார்க்கிறேன் என்பவர்களுக்கு நான் கை தட்ட மாட்டேன்.


மயிலிட்டி மகன்:

டேர்க் போன பிறகும் செம்மணியில் 200க்கு மேல் எலும்புக்கூடுகள் எடுத்தாயிற்று. சர்வதேச நிபுணர்களை வைத்துத் தோண்டுங்கள் என்று குடும்பங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கே வந்து நின்றவர் ஜெனிவாவில் என்ன செய்தார் என்று நாங்கள் தொடர்ந்து கேட்க வேண்டும். கேமரூன் விஷயத்தில் நாங்கள் 2014 மார்ச்சோடு கேட்பதை விட்டுவிட்டோம். ஈலிங் அக்கா போன்ற சிலர்தான் விடவில்லை.


வெள்ளவத்தை வாசகன்:

அதோடு இதையும் சேருங்கள். வருகிறவர் யாராக இருந்தாலும், போவதற்கு முன் தன் தூதரகத்தில் ஓர் அதிகாரியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சந்தித்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அதே கொட்டகைக்கு அந்த அதிகாரி திரும்ப வர வேண்டும். கைது நடந்தால் அன்றே நீதிமன்றத்தில் போய் உட்கார வேண்டும். இந்த மூன்றுக்கும் சம்மதிக்காதவரைச் சந்திக்க வேண்டாம் என்று அம்மாமாரின் சங்கங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்கள் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.


சோனகத்தெரு:

சந்தித்தவர்களின் பட்டியலில் புத்தளத்தையும் எழுதிவிடுங்கள். என் சாச்சாவுக்கு 80 தாண்டிவிட்டது. தமிழிலேயே சொல்வார், மொழிபெயர்க்க ஆள் கொண்டு வந்தால் போதும்.